மெஷினில் கை வைத்தது யார்

புதிதாக வேலைக்கு வந்திருக்கிறவர்களுக்காக என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். வயரை எப்படி இழுப்பது, சுவிட்சை எங்கே வைப்பது என்பதெல்லாம் இதில் வராது. அதற்குப் புத்தகம் இருக்கிறது. நீங்கள் அதைத் திறக்காமலே எல்லாம் தெரிந்த மாதிரி நடந்துகொள்கிறீர்கள், அது வேறு விஷயம். பேனலில் பச்சை விளக்கு எரிந்தால் "ஓகே லா அங்கிள்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கக் கிளம்பிவிடுகிறீர்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நான் எழுதப்போவது ஒரே ஒரு மெஷினைப் பற்றி. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு கனத்துப் போகும். ஆகையால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. அப்போது நான் பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்தேன். வேலை கிள்ளானில், ஒரு சின்ன ரிப்பேர் பட்டறையில். சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளில் எங்கே மெஷின் நின்றாலும் போன் வரும், வேனை எடுத்துக்கொண்டு போவோம். பட்டறை முதலாளி சீனர், நல்ல மனிதர். வேனில் ஏறும்போதெல்லாம் மலாயில் ஒன்றைச் சொல்லி அனுப்புவார். மெஷினைப் பார், அங்கே இருக்கிற மனுஷர்களின் சண்டையைப் பார்க்காதே என்பார். அவரிடம் நான் எவ்வளவோ கற்றுக்கொண்டேன், அந்த ஒன்றை மட்டும் கற்றுக்கொள்ளவில்லை.

அன்று காலையில் ஷா ஆலமிலிருந்து போன் வந்தது. மேசை விசிறிக்குத் தகடு அடிக்கிற தொழிற்சாலை. முதல் நாள் சாயங்காலம் பிரஸ் மெஷினில் ஒரு பெண்ணின் கை மாட்டிக்கொண்டது, வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன, வந்து பார்த்து மெஷினை ஓட விடு என்றார்கள். ஒரே மூச்சில் இவ்வளவையும் சொன்னார்கள்.

மெஷின் எப்படி வேலை செய்தது என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். மேலே ஒரு கனமான ஷாஃப்ட். அது ஒரு சுற்றுச் சுற்றினால், அதோடு இணைந்த சுத்தியல் ஒரு தடவை கீழே இறங்கித் தகட்டை அடித்துவிட்டு மேலே போகும். முன்னால் ஒரு கம்பிக் கதவு. தகட்டை வைத்து, கதவைச் சாத்தி, பட்டனை அழுத்த வேண்டும். சுத்தியல் மேலே போய்ச் சேரும்வரை கதவு பூட்டியே இருக்கும். மேலே போய்விட்டது என்று கதவுக்கு எப்படித் தெரியும்? ஷாஃப்டின் பக்கவாட்டுச் சக்கரத்தில் ஒரு சின்னக் காந்தத்தைப் பதித்திருப்பார்கள். எதிரே ஒரு ரீட் சுவிட்ச், அதாவது விரல் நீளக் கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய உலோகத் துண்டுகள். காந்தம் பக்கத்தில் வந்தால் அவை ஒட்டிக்கொள்ளும், விலகினால் பிரிந்துவிடும். சுத்தியல் உச்சியில் இருக்கும்போதுதான் காந்தம் சுவிட்சுக்கு நேரே வரும். அப்போது பூட்டு விடுபடும். நடுவில் கதவு திறந்தால் மெஷினை நிறுத்துகிற ஏற்பாடு அந்தப் பழைய மெஷினில் கிடையாது. அந்தக் கண்ணாடிக் குழாய் சொல்வதுதான் அங்கே சட்டம்.

நான் போனதும் என்னை நேரே ஆபீசுக்குள் உட்கார வைத்தார்கள். வேலைக்குக் கையெழுத்துப் போட வேண்டிய மேனேஜர் அங்கே விசாரணை நடத்திக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலத்தில் கேட்பார், தமிழ்க்காரரான சூப்பர்வைசர் அதைத் தமிழில் கேட்டுப் பதிலை ஆங்கிலத்தில் சொல்வார். எதிரே இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். பெயர் தேவி. அடிபட்ட சரசுவின் கூடப் பிறந்த தங்கை. அக்கா காலை ஷிப்ட், தங்கை மாலை ஷிப்ட், இருவருக்கும் அதே மெஷின். தேவி வேலைக்கு வந்து நுழைந்த நேரத்தில், அவள் கண் எதிரேயே அது நடந்திருக்கிறது. இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு அப்படியே வந்திருந்தாள்.

மெஷினை யாராவது நோண்டினார்களா, மாற்றி எதையாவது செய்தார்களா என்று மேனேஜர் ஆங்கிலத்தில் கேட்டார். அதை நம் ஆட்கள் எப்படிச் சொல்வோம்? சூப்பர்வைசரும் அப்படித்தான் கேட்டார்.

"மெஷின்ல கை வெச்சது யாரும்மா?"

தேவி அழவில்லை. "அக்காதான் சார் கை வெச்சாங்க. நான் பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றாள்.

சூப்பர்வைசர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். மெஷினை நோண்டியது அந்த ஆபரேட்டர்தான், இவள் பார்த்திருக்கிறாள் என்று. மேனேஜர் எழுதிக்கொண்டார்.

எனக்கு உடனே புரிந்தது. கேட்டவர் ஒன்றைக் கேட்டார், அவள் வேறொன்றுக்குப் பதில் சொன்னாள். நேற்று சாயங்காலம் முதல் அந்தப் பெண்ணுக்குக் கை என்றால் ஒரே கைதான், மெஷினுக்குள் போன கை. சூப்பர்வைசர் வேண்டுமென்று செய்தார் என்று நான் சொல்லமாட்டேன். பயந்துபோன மனிதர், வார்த்தைக்கு வார்த்தை மாற்றிப் போட்டுவிட்டார்.

"சார், அவங்க சொன்னது அது இல்ல" என்று நான் ஆங்கிலத்தில் வாயெடுத்தேன்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். "நீ பட்டறை ஆள்தானே? மெஷின் அங்கே இருக்கிறது" என்றார். பிறகு சூப்பர்வைசரிடம், மறுநாள் தொழிலாளர் இலாகா அதிகாரி வருவார், அவரிடம் இதையே கொடுத்துவிடலாம், தானே நோண்டிக்கொண்டவளுக்குக் கம்பெனி பொறுப்பாகாது, வேலையும் இல்லை என்றார். தேவிக்கு அதில் ஒரு வார்த்தையும் புரியவில்லை. கும்பிட்டுவிட்டு வெளியே போனாள்.

மெஷினிடம் போனேன். கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே மீட்டரை வைத்துச் சுவிட்சைப் பார்த்தேன். காந்தம் நேரே வந்தபோது சுவிட்ச் ஒட்டியிருந்தது. விலகியபோதும் ஒட்டியிருந்தது. சுத்தியல் எங்கே இருந்தாலும் அது 'மேலே இருக்கிறேன்' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. பூட்டு ஒரு தடவைகூடப் பூட்டியிருக்காது.

சுவிட்ச் செத்துவிட்டது, உலோகத் துண்டுகள் ஒன்றாகப் பற்றிக்கொண்டுவிட்டன என்று நினைத்தேன். நீங்களும் அதைத்தான் நினைப்பீர்கள். பக்க மூடியைக் கழற்றிப் புதுசு மாட்டினேன். சக்கரத்தைச் சுற்றினேன், ஒழுங்காக ஒட்டியது, ஒழுங்காகப் பிரிந்தது. முடிந்தது வேலை என்று மூடியைப் போட்டு இன்னொரு தடவை சுற்றினேன். திரும்பவும் ஒட்டியே நின்றது. புதுச் சுவிட்சும் கெட்டதா? மூடியைக் கழற்றினேன், சரியாகிவிட்டது. மாட்டினேன், போய்விட்டது.

அப்போதுதான் மூடியின் வெளிப்பக்கத்தைப் பார்த்தேன். ஒரு சின்ன மாரியம்மன் படம், பிளாஸ்டிக் உறை போட்டது. மேலே வாடிப்போன மல்லிகைச் சரம். எண்ணெய்ப் பசையுள்ள தகட்டில் டேப் ரொம்ப நாள் நிற்காது, ஆணி அடிக்கவும் விடமாட்டார்கள். படத்தின் பின்னால், பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து எடுத்த வட்டக் காந்தம் இருந்தது. மெல்லிய இரும்பு மூடி அது. சின்னக் காந்தமாக இருந்தால் அதன் சக்தியை உள்ளே விடாமல் தடுத்திருக்கும். ஸ்பீக்கர் காந்தத்தை அதனால் தடுக்க முடியவில்லை. சரியாகச் சுவிட்சுக்கு நேரே உட்கார்ந்திருந்தது அம்மன் படம்.

பக்கத்து மெஷினில் வேலை செய்த அம்மாளிடம், இந்தப் படத்தை யார் வைத்தது என்று கேட்டேன்.

"தேவிதான் அண்ணே. போன வெள்ளிக்கிழமை வெச்சா. சரசுக்கு இந்த மெஷின்னாலே பயம். அக்காவுக்குத் தொணையா இருக்கட்டும்னு கொண்டாந்து வெச்சா. வீட்டுல கெட்டுப்போன ரேடியோவ ஒடைச்சு எடுத்தாளாம்" என்றாள். பிறகு, "மாரியம்மா வந்ததுலேர்ந்து கதவு எவ்ளோ லேசாத் தெறக்குதுன்னு சரசு சொல்லிக்கிட்டே இருந்தா. முன்னெல்லாம் ரெண்டு இழுப்பு இழுக்கணும்" என்றாள்.

கதவு லேசாகத் திறக்கிறது என்றால் பூட்டு இல்லை என்று அர்த்தம். வேலை செய்கிற கைக்கு ஒரு தாளம் இருக்கிறது. பூட்டு தடுத்தவரை அந்தக் கை காத்திருந்தது. தடுக்காமல் போனதும், தனக்கே தெரியாமல் நாளுக்கு நாள் கொஞ்சம் முந்திக்கொண்டது. ஒரு நாள் சுத்தியலையே முந்திவிட்டது.

வரிசையில் இருந்த மற்ற மெஷின்களை நிறுத்தச் சொல்லி, ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முருகன் படம், சீனப் பெண் ஒருத்தி ஒட்டிய சிவப்புத் தாள், யாரோ ஒருவரின் குழந்தையின் போட்டோ. சிலதில் டேப், சிலதில் சின்னக் காந்தம். எல்லாவற்றையும் எடுத்து அவரவர் கையில் கொடுத்தேன். ஏன் என்று கேட்டவர்களிடம், பிறகு சொல்கிறேன் என்றேன். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. உங்களுக்கும் சொல்கிறேன், முதலில் அடுத்த கையைக் காப்பாற்றுங்கள், விளக்கமெல்லாம் அப்புறம்.

யோசிக்க வேண்டியது அதற்குப் பிறகுதான் வந்தது. நான் வாயை மூடிக்கொண்டால் சரசு தானே நோண்டிக் கையை இழந்தவளாகிவிடுவாள். வாயைத் திறந்தால், அக்காவின் கையை எடுத்தது தன் கையால் வைத்த படம் என்று தேவிக்குத் தெரிந்துவிடும். அக்காவைக் காப்பாற்றினால் தங்கை போனாள். சுவிட்ச் மாற்றப் போன எனக்கு இதற்கு வழி எந்தப் புத்தகத்திலும் இல்லை. முதலாளி சொன்னபடி வேனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்றும் தோன்றியது. இப்போது சொல்வதற்கு என்ன வெட்கம்?

ஒன்றை மட்டும் தீர்மானித்தேன். யாரோ ஒரு ஆபீசர் சொல்லி, சூப்பர்வைசர் மொழிபெயர்த்து, அதை அவள் கேட்கக் கூடாது. தேவி கேன்டீனில் தனியாக உட்கார்ந்திருந்தாள். எதிரே போய் உட்கார்ந்தேன். காந்தத்தை மேசைமேல் வைக்கவில்லை, பையிலேயே வைத்துக்கொண்டேன்.

"தங்கச்சி, காலையில நீ சொன்னத அவங்க வேற மாதிரி எழுதிட்டாங்க. அக்கா மெஷின நோண்டினதா எழுதியிருக்கு" என்றேன்.

"அய்யோ, இல்லண்ணே. அக்கா எதையும் தொடாது. அதுக்குப் பயம்."

"தெரியும். அதைச் சரி பண்ணணும்னா உண்மையான காரணத்தச் சொல்லணும்."

"சொல்லுங்க. என்ன காரணம்?"

சொன்னேன். சுவிட்ச் எப்படி வேலை செய்கிறது என்பதில் ஆரம்பித்தேன், பாதியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் தெரிந்தது. ஆனாலும் நான் முடிக்கிறவரை கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்.

"ஒரு பக்கமாத் தள்ளி வெச்சிருந்தா?"

எனக்குப் பொய் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். "ஒரு சாண் தள்ளி வெச்சிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது" என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருஷத்தில் நான் சொன்ன சரியான பதில்களில் இதற்குத்தான் இன்னும் வருந்துகிறேன்.

மறுநாள் தொழிலாளர் இலாகா அதிகாரி வந்தார். வயதான மலாய்க்காரர், அதிகம் பேசாதவர். மேனேஜர் தாளைக் கொடுத்தார். நான் குறுக்கே புகுந்து, மெஷினை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்சிக் என்று மலாயில் மரியாதையாகக் கேட்டுக்கொண்டேன். சுத்தியலைப் பாதியில் நிறுத்தி, காந்தத்தை மூடியில் வைத்துக் காட்டினேன், கதவு திறந்தது. எடுத்தேன், பூட்டிக்கொண்டது. அவர் தன் கையாலேயே வைத்துப் பார்த்தார். பிறகு 'கை வைத்தது' என்ற வார்த்தையின் கதையையும் சொன்னேன். சூப்பர்வைசர் தலையைக் குனிந்துகொண்டு, ஆமாம், நான்தான் சரியாகக் கேட்கவில்லை என்றார். அதற்கும் ஒரு தைரியம் வேண்டும்.

"படத்தை வைத்தது யார்?" என்று அதிகாரி கேட்டார்.

பின்னால் நின்ற தேவி ஓரடி முன்னால் வந்தாள். அதிகாரி அவளைப் பார்த்தார். கையில் இருந்த காந்தத்தைப் பார்த்தார். நீ போய் உட்கார் தங்கச்சி என்று மலாயில் மெதுவாகச் சொன்னார். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பி, "ரேடியோ காந்தத்துக்குத் திறக்கிற பூட்டை யார் வைக்கச் சொன்னது?" என்று கேட்டார். அதற்குப் பிறகு படத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. சரசு எதையும் நோண்டவில்லை, எல்லா மெஷினிலும் பூட்டை மாற்ற வேண்டும் என்று எழுதினார்.

வெளியே வந்ததும் தேவி என்னிடம், ஆஸ்பத்திரிக்குப் போய் அக்காவிடம் விஷயத்தைச் சொல்லிவிடச் சொன்னாள். தன்னால் இன்றைக்கு அந்த முகத்தைப் பார்க்க முடியாது என்றாள். "படத்தப் பத்தி எனக்குத் தெரியும்னு மட்டும் அக்காகிட்ட சொல்லிடாதீங்கண்ணே. அது என்னை நெனச்சு அழுவும்" என்றாள்.

கிள்ளான் ஆஸ்பத்திரியில் சரசு கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தாள். அதுவரை நான் அவளைப் பார்த்ததில்லை. நான் யார் என்று சொல்லி, உங்கள்மேல் தப்பில்லை என்று எழுதிவிட்டார்கள் என்றேன். அவள் சந்தோஷப்படவில்லை.

"அப்ப யார் மேல தப்புன்னு எழுதினாங்க?"

"மெஷின் மேல."

"படத்தக் கண்டுபிடிச்சிட்டீங்களா?"

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"படுத்துக் கெடக்கையில யோசிச்சுப் பாத்தேண்ணே. வெள்ளிக்கிழமையிலேர்ந்துதான் கதவு லேசாச்சு. அம்மா கருணைன்னு நெனச்சுக்கிட்டேன். காந்தம் ஏதோ பண்ணியிருக்குன்னு நேத்து ராத்திரி வெளங்கிச்சு. யாராச்சும் வந்து கேட்டா, நான்தான் மெஷின நோண்டினேன்னு சொல்லிடலாம்னு இருந்தேன். போன கை போயிருச்சு. அவ சின்னப் பொண்ணு, வாழணும்." இடது கையால் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். "தேவிக்குத் தெரியாதுல்லண்ணே?"

"தெரியாது" என்றேன்.

அன்று சாயங்காலம் தேவி பட்டறைக்குப் போன் செய்து, அக்காவுக்கு ஏதாவது சந்தேகம் இருக்கிறதா, படத்தைப் பற்றித் தெரியுமா என்று கேட்டாள். அக்காவுக்குத் தெரியாது என்றேன். ஒரே நாளில் இருவருக்கும் ஒரே பொய். வீட்டுக்குப் போகிற வழியில் வேனை ஓரமாக நிறுத்தினேன். சரசுவை முதலில் பார்த்திருந்தால் தேவியிடம் சொல்லியிருப்பேனா என்று அன்று யோசித்தேன். இப்போதும் யோசிக்கிறேன். அந்தத் தாளில் சரசு நோண்டினாள் என்றே இருந்திருந்தால், அதே பூட்டுதான் அத்தனை மெஷின்களிலும் இருந்திருக்கும், யாராவது மறுபடி ஒரு படத்தை வைத்திருப்பார்கள். ஆகவே செய்தது சரிதான். சரியானதைச் செய்தால் மனசு லேசாகும் என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தொழில் சம்பந்தமாக ஒன்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் எழுதச் சொன்னவர்கள் கோபித்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு நான் எந்த ஷாஃப்டுக்கும் ஒற்றைச் சுவிட்ச் வைத்ததில்லை. கீழே ஒன்று, மேலே ஒன்று. கீழே ஒட்டிப் பிரிந்து, அதற்குப் பிறகு மேலே ஒட்டினால்தான் பூட்டு திறக்கும். எப்போதும் 'ஆமாம்' என்றே சொல்லிக்கொண்டிருக்கிற சுவிட்ச் பதில் சொல்லவில்லை, சும்மா இருக்கிறது. அது எரிய வைக்கிற பச்சை விளக்கைப் பார்த்து டீ குடிக்கப் போகாதீர்கள். ஒரு தடவையாவது அணைகிறதா என்று நின்று பாருங்கள். அப்புறம், வேலை செய்கிறவர்கள் 'இப்பல்லாம் லேசா ஓடுது' என்று சந்தோஷமாகச் சொன்னால், உடனே மெஷினை நிறுத்துங்கள்.

தொண்ணூறுகளில் ஒரு நாள் தேவியின் கல்யாணப் பத்திரிகை வந்தது. சரசுதான் இடது கையால் என் பெயரை எழுதியிருந்தாள். கல்யாணத்துக்குப் போக முடியவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்காவும் தங்கையும் அடுத்தடுத்த வீடு. தேவியின் புருஷன் பாசாருக்கு மீன் வாங்கப் போயிருந்தான். சரசு விரல் போன கையால் தட்டைத் தாங்கி, மறுகையால் பலகாரம் எடுத்து வைத்தாள். தேவி என்னைப் பார்த்துச் சிரித்தாள், நிறையப் பேசினாள். பழைய பேச்சை யாரும் எடுக்கவில்லை.

காப்பிக்குச் சீனி எடுக்கத் தேவி அலமாரிப் பக்கம் போனாள். புது அலமாரி, கதவு தொட்டதும் திறந்துகொண்டது. அவள் கையைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டு நின்றாள். உள்ளே சீனி டப்பா கண்ணுக்கு நேரே இருந்தது. அவள் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பிறகுதான் மெதுவாகக் கையை உள்ளே விட்டாள்.

நான் கவனிப்பதைச் சரசு பார்த்துவிட்டாள். தேவி அடுப்படிக்குள் போகும்வரை காத்திருந்தாள்.

"எந்தக் கதவு லேசாத் தெறந்தாலும் இப்படித்தாண்ணே நின்னுடுவா" என்றாள், தட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல். "ஏன்னு நான் கேக்கறதில்ல."